பாட்டு வேறு, நாடா வேறு அல்ல

ராக் கேட்பவர்களிடையே ஒரு கருத்து இன்று விவாதமே இல்லாமல் நிலைத்துவிட்டது. பாட்டுதான் முக்கியம், அது எதில் வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை என்கிறது அது. கேசட், எட்டு ட்ராக் நாடா, ஃபிளெக்சி தட்டு, மினிடிஸ்க் எல்லாம் வேறு வழியில்லாத காலத்தில் பொறுத்துக்கொண்ட அரைகுறைச் சாதனங்களாம். மேலானது வந்ததும் அவை ஒழிந்தன. அவற்றில் இருந்த இசை முழுவதும் இப்போது கைப்பேசியில் கிடைக்கிறது. இன்னமும் அவற்றைத் தேடி அலைகிறவர்களைப் பிடித்திருப்பது பழமை மோகம். ஒலிப்பதிவுத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதைச் சொல்கிறார்கள். என்னைவிட அதிகம் கேட்ட நண்பர்களும் சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. சுயாதீன ராக் எப்படி உண்டானது என்று அறிந்தவர் எவரும் இதை ஏற்க முடியாது என்பதே என் வாதம்.

'பாட்டு' என்று இவர்கள் தனியே பிரித்தெடுக்கும் பொருள் ராக்கில் இருக்கிறதா? தியாகராஜர் கீர்த்தனைக்கு அப்படி ஒரு தனி இருப்பு உண்டு. ஒலிப்பதிவு என்ற ஒன்றே பிறக்காத காலத்தில் குருவிடமிருந்து சீடருக்குப் பாடாந்தரமாக வந்தது அது. அரியக்குடி பாடினாலும் எம்.டி. ராமநாதன் பாடினாலும் அதே கீர்த்தனைதான். ராக் அப்படி வளரவில்லை. ஒலிவாங்கியின் முன்னால், ஒரு குறிப்பிட்ட கருவியின் வரம்புக்குள், நாடாவின் மேல்தான் அது உருவாகிறது. அங்கே பதிவுதான் படைப்பு. எதில் பதிந்தார்கள் என்பதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது வரிகளும் சில கிதார் கார்டுகளும். அவற்றைக் கேட்க யாரும் ராக்கிடம் வருவதில்லை.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' இதற்குச் சாட்சி. 1982 தொடக்கத்தில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில், ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளையும் டியாக்கின் டாஸ்காம் 144 போர்ட்டாஸ்டுடியோ என்ற நான்கு ட்ராக் கேசட் கருவியையும் வைத்துக்கொண்டு அவர் தனியாகப் பாடிப் பதிந்தார். குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாரித்த டெமோ அது, அவ்வளவுதான். எக்கோபிளெக்ஸ் வழியாக எதிரொலி சேர்த்து ஒரு பானாசோனிக் பூம்பாக்ஸில் கலவையை இறக்கினார். அந்தக் கேசட்டை மேலுறைகூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு அவரது குழுவான இ ஸ்ட்ரீட் பேண்ட் ஸ்டுடியோவில் கூடி அந்தப் பாடல்களை வாசித்துப் பார்த்தது. தேர்ந்த குழு, தேர்ந்த அறை, தேர்ந்த கருவிகள். ஆனாலும் அந்தக் கேசட்டில் இருந்தது அங்கே வந்து சேரவில்லை. கடைசியில் பையில் கிடந்த கேசட்டையே ஆல்பமாக்கினார்கள். அதிலிருந்து எல்பி தட்டு வெட்டுவது பெரும்பாடாயிற்று. பெரும்பாடு பட்டும் அதைத்தான் வெட்டினார்கள். திரும்பப் பதிந்து வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளவில்லை.

குழு வாசித்த பதிவுகளும் 2025-இல் வெளியாகிவிட்டன. இப்போது யாரும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். வரிகளும் மெட்டும் பாடுபவரும் அதேதான். ஒன்றில் நல்ல ராக் குழு ஒன்று நன்றாக வாசிக்கிறது. மற்றதில், யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருவன் நள்ளிரவில் பாடுவது காதருகே கேட்கிறது. அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது நான்கு ட்ராக் கேசட் கருவி. பாட்டு ஒன்றுதான், பெட்டி எதுவானால் என்ன என்கிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதில் நான்கு ட்ராக் உண்டு: ஒரு பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. போர்ட்டாஸ்டுடியோ நான்கையும் ஒரே திசையில் எழுதியது, நாடாவின் வேகத்தையும் இரட்டிப்பாக்கியது. அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடமே பதிய முடியும். நான்கு ட்ராக்கும் நிறைந்துவிட்டால்? மூன்றை ஒன்றாகக் கலந்து நான்காவதில் இறக்கிவிட்டு, அந்த மூன்றின் மேல் புதிதாகப் பதியலாம். இறக்கியதை மறுபடி பிரிக்க முடியாது. டிரம்ஸ் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதே என்று பிற்பாடு தோன்றினால் தோன்றியதோடு சரி. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் ஒரு படி ஏறும். எனவே எதை முதலில் வாசிப்பது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்று அங்கேயே, அப்போதே முடிவெடுத்தாக வேண்டும். ஓஹையோவின் டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் போலார்டும் அவரது 'கைடட் பை வாய்சஸ்' குழுவும் வீட்டு நிலவறைகளிலும் கராஜ்களிலும் இப்படித்தான் பதிந்தார்கள். 1994-இல் வந்த 'பீ தவுசண்ட்' ஆல்பத்தில் ஏறத்தாழ முப்பத்தாறு நிமிடங்களில் 20 பாடல்கள். முதல் பாட்டின் நடுவில் ஒரு கிதார் திடீரென்று அறுந்துபோய், பிறகு திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் திருத்தாமல் விட்டார்கள். ஒரு பாட்டை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும் அந்த அவசரத்தை, எல்லையில்லாத ட்ராக்குகள் உள்ள கணினியில் உட்கார்ந்து யாரும் வரவழைக்க முடியாது.

டேனியல் ஜான்ஸ்டன் சான்யோ பூம்பாக்ஸில் பாடிப் பதிந்து, அந்தக் கேசட்டுகளை டெக்சாஸின் ஆஸ்டினில் தெருவில் போவோர் வருவோரிடம் கொடுத்தார். பிரதி எடுக்கும் வசதி இல்லாத தொடக்க நாட்களில், கேட்டவருக்காக முழு ஆல்பத்தையும் மறுபடி உட்கார்ந்து பாடிப் பதிந்திருக்கிறார். 1992-இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அவருடைய 'ஹை, ஹவ் ஆர் யூ' அட்டைப்படம் அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி விருது விழாவுக்கு வந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் ஜான்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தன. அவர் இசையை முதலில் தாங்கியவை அந்தச் சாதாரணக் கேசட்டுகள்தான்.

இங்கேதான் பழைய வடிவங்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் மிகப் பெரிய உண்மையைத் தவறவிடுகிறார்கள். ஒரு வடிவத்தின் விலை, யாருடைய இசை வெளியே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. எல்பி தட்டுக்கு லாக்கர் வட்டு வெட்ட வேண்டும், உலோகப் படி எடுக்க வேண்டும், ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும், குறைந்தது சில நூறு பிரதிகளாவது அடிக்க வேண்டும். கேசட்டுக்கு இரண்டு டெக் போதும். கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். கேட்காவிட்டால் அதே நாடாவில் வேறொன்றைப் பதியலாம். நியூ யார்க்கில் நீல் கூப்பர் தொடங்கிய ஆர்ஓஐஆர் நிறுவனம் அந்நாட்களில் கேசட்டுகளை மட்டுமே வெளியிட்டது. வாஷிங்டன் டிசியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள், வெள்ளையர் இசை என்று பலர் முத்திரை குத்தியிருந்த ஹார்ட்கோர் பங்கை மற்றெவரும் எட்ட முடியாத வேகத்தில் வாசித்த 'பேட் பிரெய்ன்ஸ்' குழுவின் முதல் ஆல்பம் 1982 பிப்ரவரியில் அங்கிருந்து கேசட்டாக மட்டும் வந்தது. மஞ்சள் அட்டை, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை மின்னல் பிளக்கிறது. ஹார்ட்கோரின் மூல நூல் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அந்த ஆல்பம், கடைகள் இரண்டாம் தரச் சரக்காக நினைத்த ஒரு வடிவத்தில்தான் முதலில் உலகத்தைப் பார்த்தது.

அதே ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் கால்வின் ஜான்சன் கே ரெக்கார்ட்ஸைக் கேசட்டோடுதான் ஆரம்பித்தார். அதே ஊரில் புரூஸ் பாவிட் நடத்திய சிற்றிதழின் 5, 7, 9ஆம் இதழ்கள் காகிதத்தில் வரவில்லை, கேசட்டாக வந்தன. ஊர் பேர் தெரியாத குழுக்களின் தொகுப்புகள் அவை. அந்தச் சிற்றிதழ்தான் வளர்ந்து சியாட்டிலின் சப் பாப் நிறுவனமாகி, 1989-இல் நிர்வாணாவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. மெட்டாலிகா 1982-இல் பதிந்த ஏழு பாட்டு டெமோ கேசட், ரசிகர் கையிலிருந்து ரசிகர் கைக்குப் பிரதியாகி நியூ ஜெர்சி வரை போய்ச் சேர்ந்ததால்தான் அவர்களுக்கு முதல் ஆல்பமே வாய்த்தது. அதே காலத்தில் பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள், வீட்டில் கேசட்டில் பதிவது இசையைக் கொல்கிறது என்று மண்டையோட்டுப் படம் போட்டுப் பிரசாரம் செய்துகொண்டிருந்தன. பங்க் குழுவான டெட் கென்னடிஸ் அதற்கு நேரடியாகப் பதில் சொன்னார்கள்: 1981-இல் தங்கள் கேசட்டின் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, அதில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று அச்சிட்டார்கள். அடுத்த பத்தாண்டின் ராக்கை உண்டாக்கியது எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இன்னும் தெளிவான சாட்சி சோவியத் ஒன்றியத்தில் இருக்கிறது. இசைத்தட்டு வெளியிட அங்கே மெலோதியா என்ற ஒரே அரசு நிறுவனம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லெனின்கிராட் இளைஞர்கள் மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படலங்களை வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட்டால் துளை சுட்டு, வீட்டிலேயே செய்த வெட்டுக்கருவியில் தடைசெய்யப்பட்ட இசையை அவற்றில் கீறினார்கள். ஒரு பக்கம் மட்டும். நிமிடத்துக்கு 78 சுற்று. சில தடவை ஓடினால் தேய்ந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் தெரியும். அதனால் அவற்றை 'விலா' என்றே அழைத்தார்கள். அவற்றைச் செய்ததற்காக ருஸ்லான் பொகோஸ்லோவ்ஸ்கி சிறை சென்றார், வெளியே வந்தார், திரும்பவும் செய்தார்.

அடுத்த தலைமுறைக்கு ரீல் டேப் ரெக்கார்டர் கிடைத்தது. லெனின்கிராட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசு மன்றம் ஒன்றில் ஒலிப்பதிவுப் பயிற்சி வகுப்பு நடத்திவந்தார் ஆந்த்ரேய் திரோபில்லோ. அந்த அறையிலேயே 'அக்வாரியம்', 'கினோ' போன்ற குழுக்களைப் பதிவு செய்தார். நாடாவோடு அட்டைப்படமும் உண்டு: புகைப்படப் பிரதிகளை ரீல் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். ஒருவர் இரண்டு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க, அவர்கள் நான்கு பேருக்குக் கொடுக்க, ரயிலேறி ஊர் ஊராகப் போயிற்று. கினோவின் முதல் ஆல்பத்துக்கு '45' என்று பெயர் வந்தது அதன் நீளம் 45 நிமிடம் என்பதால். நாடாவின் அளவே ஆல்பத்தின் பெயராயிற்று. கினோவின் பாடகர் விக்டர் த்சோய் 1990-இல் கார் விபத்தில் இறந்தபோது நாடே அழுதது. அவரை நாடு அறிந்ததற்கு முதற்காரணம் அந்த நாடாக்கள். இதைப் பார்த்தும், வடிவம் வெறும் பாத்திரம், உள்ளே இருப்பதுதான் விஷயம் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாத்திரம் இல்லாமல் உள்ளே எதுவுமே இருந்திருக்காது என்பதுதான் என் பதில்.

எல்லாம் கிடைக்கிறது என்ற கூற்றுக்கு வருகிறேன். இது உண்மை இல்லை. ஒரே ஆல்பம் வெவ்வேறு வடிவங்களில் வெவ்வேறு இசையாக வந்திருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' (1977) எல்பி தட்டில் 'பிக்ஸ் ஆன் த விங்' இரண்டு துண்டாக இருக்கும்: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. எட்டு ட்ராக் நாடாவோ முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. அதில் முடிவும் தொடக்கமும் சந்திக்கும். அதற்காக இரண்டு துண்டையும் ஸ்னோவி ஒயிட்டின் கிதார் தனி வாசிப்பால் இணைத்தார்கள். பல ஆண்டுகளுக்கு அந்த வாசிப்பு, எல்லோரும் தூக்கிப்போட்ட அந்தத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மட்டுமே இருந்தது. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' மோனோ தட்டில் 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' ஸ்டீரியோவில் இருப்பதைவிட வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஓடும். மோனோ கலவைக்குத்தான் அவர்கள் அதிகம் மெனக்கெட்டார்கள். ஆனாலும் ஸ்டீரியோ வந்தபின் மோனோ பழசு என்று ஒதுக்கப்பட்டு, முழுத் தொகுதியாகக் குறுந்தகட்டில் வர 2009 ஆயிற்று. பீட்டில்ஸுக்கே இந்த நிலை. நூறு கேசட் அடித்துவிட்டுக் கலைந்துபோன குழுவை யார் வந்து எடுத்து வைக்கப்போகிறார்கள்?

கணினியில் ஏறிவிட்டால் சாகாது என்பவர்களுக்கு மைஸ்பேஸ் இணையதளத்தின் கதையை நினைவூட்ட வேண்டும். 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசையெல்லாம் சர்வர் மாற்றும் வேலையில் தொலைந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. ஐந்து கோடிப் பாடல்கள், 1 கோடியே 40 லட்சம் கலைஞர்கள் என்பது அப்போது வெளியான கணக்கு. ஒரு தலைமுறையின் டெமோக்கள் அவை. 1982-இல் பதிந்த மெட்டாலிகா டெமோ இன்னும் இருக்கிறது. 2005-இல் பதிந்த ஆயிரக்கணக்கானவை இல்லை. கேசட் நீடித்ததற்குக் காரணம் அது உறுதியான பொருள் என்பது அல்ல. பலர் கையில் பல பிரதிகளாகச் சிதறிக் கிடந்தது, அதனால்.

கேசட்டின் ஒலித்தரம் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. குறுந்தகட்டுக்கு 96 டெசிபல் வீச்சு. டால்பி இரைச்சல் குறைப்பு இல்லாத சாதாரணக் கேசட்டுக்கு 50-ஐ ஒட்டி. வேகம் ஏறி இறங்கும், இரைச்சல் உண்டு, உயர் அதிர்வெண்கள் நாளாக ஆக மங்கும். எங்கள் பக்கத்திலேயே சிலர் அனலாக்கின் கதகதப்பு என்று சொல்லி, கேசட் குறுந்தகட்டைவிட நன்றாகக் கேட்கும் என்று வாதாடுகிறார்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொல்வதால்தான் எதிர்த்தரப்புக்கு வேலை சுலபமாகிறது. மேலுறை பிரிக்காத கேசட்டை அலமாரியில் அடுக்கி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. கேட்கப்படாத நாடா யாருக்கும் உதவாது. ஆனால் ராக்கின் வரலாறு ஒலித்தரத்தின் வரலாறு அல்லவே. 1982-இல் மிகச் சிறந்த தரத்தில் பதியப்பட்டு இன்று ஒருவர்கூடத் தேடாத ஆல்பங்கள் எத்தனையோ. 'நெப்ராஸ்கா'வைத் தேடுகிறார்கள்.

எதிர்த்தரப்பில் நான் மனமார ஏற்கும் வாதம் ஒன்று உண்டு. திருநெல்வேலியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி இன்று காசு செலவழிக்காமல் கைடட் பை வாய்சஸைக் கேட்க முடியும். என் இளமையில் அது கனவு. சென்னை பர்மா பஜாரில் தேடி, யாரோ வைத்திருந்த மூன்றாவது பிரதியிலிருந்து நான்காவது பிரதி எடுத்து, அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த பெயர்களை நம்பிக் கேட்டோம். அந்தச் சிரமத்துக்கு நான் ஏங்கவில்லை. அவளுக்கு அது வேண்டாம். ஆனால் அவளே ஒரு குழு தொடங்கினால்? ஒரு நாளில் பல்லாயிரம் பாடல்கள் ஏறும் தளத்தில் அவளுடையதும் ஒன்றாக ஏறும். கேட்டவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, கைக்கு வரும் தொகை ஒரு டீக்குக்கூட ஆகாது. எல்பி தட்டு அடிக்கலாம் என்றால் அந்த வழியும் எப்போது குறுகும் என்று சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங்கில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. தட்டு வெட்டத் தேவையான லாக்கர் வட்டு செய்ய உலகத்தில் இருந்த இரண்டே ஆலைகளில் அது ஒன்று. அடுத்த ஆண்டு பெரிய நட்சத்திரங்களின் லட்சக்கணக்கான பிரதிகளுக்கு ஆலைகள் இடம் ஒதுக்க, சிறு குழுக்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றன. அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தது 50, 100 பிரதி என்று அடித்துத் தந்த கேசட் ஆலைகள்தான். கச்சேரி முடிந்ததும் மேஜையில் வைத்து விற்றார்கள், அடுத்த ஊருக்குப் போகப் பெட்ரோல் போட்டார்கள். இதைப் பழமை மோகம் என்பது, அந்தப் பிள்ளைகளின் வரவு செலவைப் பார்க்காமல் பேசும் பேச்சு.

இந்த வாதம் நம் நாட்டுக்கு வேறு எங்கும் இல்லாத அவசரத்தோடு பொருந்துகிறது. இந்தியாவின் ஆங்கில ராக், திரையிசை நிறுவனங்களின் பார்வையில் விற்காத சரக்கு. 1970, 71-இல் சிம்லா சிகரெட் பெயரில் நடந்த போட்டியை ஒட்டி வந்த 'சிம்லா பீட்' தட்டுகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் அக்கறையால் பிழைத்தன. அதற்குப் பிந்தைய கல்லூரிக் குழுக்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 80, 90களில் கல்லூரி விழாக்களில் வாசித்த குழுக்களின் டெமோக்கள் டிடிகே, சோனி கேசட்டுகளில் இருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் பரண் மேல், பிஸ்கட் டின்னுக்குள், சொந்தக்காரர் மறந்துபோன நிலையில். எந்தத் தளத்திலும் அவை இல்லை.

அப்படி ஒரு கேசட் கைக்கு வந்தால் உடனே டெக்கில் போடாதீர்கள். நடுவில் இருக்கும் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் அங்கே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது பூஞ்சை, ஓடவிட்டால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். பிறகு கீழ்ப்பக்கம் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாமல் போட்டுவிட்டு, ஒலியே மங்கிவிட்டது, நாடா செத்துவிட்டது என்று குப்பையில் எறிந்தவர்கள் பலர். நாடா சாகவில்லை. ஐந்து திருகாணியைக் கழற்றி, சுருள் இரண்டையும் தூக்கி, நல்ல நிலையில் உள்ள வேறொரு கேசட் கூட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் பாடும். பூஞ்சை பிடித்திருந்தால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். ஹெட்டின் கோணத்தைச் சரிபார்த்து 24 பிட்டில் கணினிக்கு இறக்குங்கள். இரைச்சலை நீக்காதீர்கள், நீக்கிய பிரதி வேண்டுமானால் தனியே செய்துகொள்ளலாம். அட்டையின் இரு புறத்தையும் படம் எடுங்கள்: கையெழுத்து, அடித்தல் திருத்தல், ஓரத்தில் எழுதிய தேதி எல்லாம் தெரியும்படி. வாசித்தவர்கள் உயிரோடு இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், யார் எதை வாசித்தார், எங்கே பதிந்தது, இது எத்தனையாவது பிரதி என்று. மூன்று பேருக்காவது பிரதி கொடுங்கள். மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள்.